லாரி வெறுமனே திரும்பிய நாள்

எஸ்னாத்தின் ரப்பர் பூட்ஸுக்குள் நெட்சாய் காலை நுழைத்தாள். அவளுக்கு அது பெரிது. உள்ளே காய்ந்த களிமண் உறுத்தியது. எஸ்னாத்தின் பழைய கோட்டையும் மாட்டிக்கொண்டாள்.

சமையல் குடிசையின் சுவரோரம் போர்வைக்குள் கிடந்தாள் எஸ்னாத். நேற்று மதியம் உயிர் போனது. இன்னும் இரண்டு மணி நேரத்தில் அடக்கம். அந்த ஊர் வழக்கப்படி, அதற்குள் எஸ்னாத் உயிரோடு இருந்தபோது நடந்ததைப் போல நடந்து, பேசி, அழ வந்தவர்களைச் சிரிக்க வைத்தாக வேண்டும். அது மருமகள்களின் வேலை. அந்த வீட்டுக்கு எஸ்னாத்தின் தம்பி லாமெக்கின் மனைவியான நெட்சாய் ஒருத்திதான் மருமகள்.

"வெரசா வா புள்ள! எங்க பொண்ணு இப்படி நத்தையாட்டம் நடக்க மாட்டா!" என்று பாயில் இருந்த பெண்கள் கூவினார்கள்.

நெட்சாய் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள். தண்ணீர்ப் பானை முன்னால் நின்று தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"சத்தம் போடாதீங்க. உள்ள யாரு இருக்காங்கன்னு பாத்துட்டிருக்கேன்."

குடிசை சிரித்தது. அச்சு அசல் எஸ்னாத்தின் குரல். சிலை செய்யத் தொடங்குமுன் அவள் இப்படித்தான் நின்று பார்ப்பாள். ஆறு அடித்து வந்த வேர், சுடாத கறையான் புற்று மண், உளி படாத பாறை, இவற்றை வைத்தே அவள் ஆளுயரத்துக்கு உருவங்கள் செய்தாள். மரத்தின் பட்டையைக்கூட உரிக்க மாட்டாள். அவை இப்போதும் முற்றத்தில் நின்றன. துக்கத்துக்கு வந்தவர்களுக்கு நடுவே சட்டென்று பிரித்தறிய முடியவில்லை.

குடிசையின் மறுபுறம் ஆண்கள் உட்காரும் மேடையிலிருந்து லாமெக் கத்தினான். "லாரி வந்த நாளைக் காட்டு! செஞ்ச சிலைய தானே உடைச்சுப் போட்டாளே, அந்தக் கூத்தக் காட்டு!"

எல்லோரும் கைதட்டினார்கள். ஒன்பது வருடத்துக்கு முந்தைய கதை அது. தலைநகர் ஹராரேயில் ஒரு கண்காட்சிக்காக எஸ்னாத் மூன்று மாதம் உழைத்து ஒரு வேரைப் பெண்ணாக்கியிருந்தாள். ஏற்றிப்போக லாரி வந்தபோது சிலை இல்லை. "பிடிக்கல, உடைச்சிட்டேன்" என்றாள். அதன்பிறகு அவளை யாரும் கண்காட்சிக்குக் கூப்பிடவில்லை. லாமெக் அதைச் சொல்லிக் கேலி செய்யாத விருந்து கிடையாது.

நெட்சாய் நின்றுவிட்டாள். கோடாரியை ஓங்குவது போல நடித்தால் போதும், சிரிப்பார்கள். பிறகு எல்லாவற்றையும் மண் மூடிவிடும்.

அவள் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பெண்களின் பாயோரம் இருந்த அடுப்பருகே குந்தினாள்.

"இது அண்ணி இல்ல, நான்," என்றாள். "கல்யாணமாகி பதினேழாம் நாள். விடாம மழை. வெறகெல்லாம் நனைஞ்சு கெடக்கு. வயல்லேர்ந்து எல்லாரும் பசியோட வருவீங்க. கொட்டகையில காஞ்ச வேர் ஒண்ணு சாத்தி வெச்சிருந்துச்சு."

அந்த வேரை வெட்டுவதாக நடித்துக் காட்டினாள். அடுப்பில் திணித்தாள். களி கிண்டினாள். யாரும் சிரிக்கவில்லை.

"அண்ணி வந்தாங்க. அடுப்பையே பாத்துக்கிட்டு நின்னாங்க. அந்தச் சிலையோட ஒரு கை மட்டும் இன்னும் வெளிய நீட்டிட்டிருந்துச்சு. அப்பத்தான் எனக்கே புரிஞ்சுது." நெட்சாய் அடுப்பை நோக்கிக் கைகளை நீட்டினாள். "பக்கத்துல உக்காந்து கைய நீட்டிக் குளிர் காஞ்சாங்க. 'நல்லாத்தான் எரியுறா'ன்னாங்க. 'இத நான்தான் உடைச்சேன், தெரியுதா? நீ புதுசா வந்தவ. இந்த வீட்ல நீ இன்னும் ரொம்ப நாள் இருக்கணும்'னாங்க. களிய ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னாங்க."

லாமெக் மேடையிலிருந்து முன்னால் குனிந்தான். "அன்னிக்கு நானும் தின்னேனா?"

"தின்னீங்க."

"என்ன சொன்னேன்?"

"'இன்னிக்குத்தான் களி ஒழுங்கா வெந்திருக்கு'ன்னீங்க."

யாரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அது பாய் முழுக்கப் பரவியது. லாமெக் தொடையில் அடித்து அடித்துச் சிரித்தான். மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் அவன் தோள்கள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.

பிறகு எழுந்து குடிசையின் குறுக்கே நடந்து, பெண்களின் பாய்க்கு வந்தான். ஆண்கள் அங்கே உட்காருவதில்லை. அத்தை ஒருத்தி அதட்ட வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். நெட்சாய்க்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு நகர்ந்துகொண்டாள்.