பழைய ஹாலின் சுரங்கம்

ஜினோ சுரங்கக் கதையை எடுத்தால் மாலை வகுப்பு முழுவதும் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். கல்லூரியின் பழைய ஹாலுக்கு வெளிச்சுவரில், தரையை ஒட்டி, கம்பிக் கதவு போட்ட சிறிய வளைவு ஒன்று உண்டு. அதற்குள் நுழைந்தால் பத்மநாபபுரம் அரண்மனைக்கே போய்விடலாம் என்பான் அவன்.

"ராஜாவுக்க குதிரை இதுக்குள்ள ஓடியிருக்கு, கேட்டியா? மேல வெள்ளைக்காரப் பாதிரி ஜெபம் பண்ணிட்டு நிக்காரு. தரை குலுங்குது. சாத்தான் வந்துட்டாம்னு நெனச்சு, அங்கியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒரே ஓட்டம்!"

உடன் படிக்கும் ஆதிரா கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் பக்கத்து பெஞ்சில் அஜின் நோட்டைப் புரட்டுவான்.

அஜின் பகலில் மணவாளக்குறிச்சியில் கடல்மணலிலிருந்து தாது பிரிக்கும் ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தான். எதையும் இரண்டு முறை நிறுத்துப் பார்ப்பான். பார்த்த பிறகும் சந்தேகம் தீராது. ஹாலையும் அப்படித்தான் நாடா வைத்து அளந்தான். மரத்தளத்துக்கும் மண்ணுக்கும் இடையே முழங்கால் உயரம் வெற்றிடம் இருந்தது. எதிர்ச்சுவரிலும் செடிக்குள் ஒளிந்தபடி அதே மாதிரி வளைவு. பலகை ஈரத்தில் உளுத்துப்போகாமல் இருக்க, கட்டியவர்கள் காற்றுக்கு விட்ட வழி அது. இதை வகுப்பில் சொன்னபோது பின்வரிசை கொட்டாவி விட்டது.

"காத்துக்கா? இவ்வளவு பெரிய ஓட்டையா? யானையா மூச்சு விடுது ஏலே?" என்றான் ஜினோ. வகுப்பு கலகலத்தது. ஆதிராவும் சிரித்தாளா என்று திரும்பிப் பார்க்க அஜினுக்குத் தைரியம் வரவில்லை.

ஹாலுக்கு நூற்றாண்டு விழா வந்தது. பழைய மாணவர்களுக்குக் கட்டடத்தின் வரலாற்றைச் சொல்ல ஆதிராவைத் தேர்ந்தெடுத்திருந்தார் வகுப்புப் பேராசிரியை ராகேல் மேடம். கூட நிற்க இன்னொருவர் வேண்டும். அது ஜினோவா அஜினா என்று முடிவு செய்ய, சனிக்கிழமை மூவரையும் ஹாலுக்கு அழைத்தார். அந்த ஒரு இடத்துக்காக அஜின் நாள்கணக்கில் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகியிருந்தான்.

ஜினோ முதலில் சொன்னான். இம்முறை குதிரையோடு ஒரு இளவரசியும் ஓடினாள். மேடமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆதிரா அவன் தோளில் தட்டி, "உனக்க நாக்குக்கு எலும்பே கெடையாதுடே" என்றாள். அவன் தோளில் பட்ட அந்தக் கையை அஜின் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அஜின், நீ சொல்லு."

காற்றைப் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"சுரங்கம் உண்டு மேடம். நான் உள்ள போயிருக்கேன். கீழ எறங்கப் படி இருக்கு."

ஆதிரா சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். அவள் அப்படி அவனைப் பார்த்ததே இல்லை.

"எனக்க சுரங்கத்துக்கு நீ படி கட்டிட்டியா மக்கா!" என்றான் ஜினோ.

"நெசமாவா?" மேடம் கைப்பையில் கம்பிக் கதவின் சாவியைத் தேடினார். "அப்போ போய் ஒரு போட்டோ எடுத்துட்டு வா. விழா மலர்ல போடலாம்."

அஜின் தவழ்ந்து போனான். ஒட்டடை முகத்தில் அப்பியது. போன் வெளிச்சத்தில் எலிப் புழுக்கையும் மண்ணும்தான் தெரிந்தன. நடு ஹாலுக்கு அடியில் வந்தபோது தலைக்கு மேல் பலகை முனகியது. பேச்சுக் குரல்.

"படி இருக்குமாட்டி?" ஜினோ.

"எங்க இருக்கும்?" ஆதிரா. "அவன் அன்னைக்குச் சொன்னதுதான் சரி. நான் அந்தச் செடியை விலக்கிப் பாத்தேம்லா, அங்கயும் ஓட்டை இருக்கு."

"பின்ன எனக்க கதைக்கு எதுக்கு அந்தச் சிரிப்பு?"

"நீ சொன்னா பொய்யின்னு தெரிஞ்சே கேக்கலாம். அவன் சொன்னப்போ பயமாட்டு இருந்து. பாவம், முகமே வெளிறிப் போச்சு."

அஜின் மண்ணில் கன்னத்தை வைத்துக் கிடந்தான். அவள் தன்னை நம்பி, தேடிப் போய்ப் பார்த்திருக்கிறாள். அதை நினைத்து மகிழ முடியவில்லை. பொய் சொல்வதில்கூட ஜினோ முந்திவிட்டான் என்பதுதான் உறைத்தது. எதிர் வளைவிலிருந்து வந்த காற்று வேர்த்திருந்த அவன் முதுகைத் தடவிக்கொண்டு போனது.

வெளியே வந்ததும், "படி இல்ல மேடம். நான் உள்ள போனதும் இல்ல. காத்துதான் வருது" என்றான்.

மேடம் திட்டவில்லை. "விழாவுக்கு ஜினோ நிக்கட்டும்" என்றார்.

விழா நாளில் அஜின் கூட்டத்தின் கடைசியில் தண்ணீர்ப் பாட்டில்களோடு நின்றான். குதிரை ஓடியது, பாதிரியார் ஓடினார், இளவரசியும் ஓடினாள். பிறகு ஜினோ குரலைத் தாழ்த்தினான்.

"இதையெல்லாம் நம்பாதீங்க. எங்க கூட்டாளி ஒருத்தன் உள்ள தவழ்ந்து போய்ப் பாத்துட்டான். குதிரையும் இல்ல, ராஜாவும் இல்ல. நூறு வருசமா இந்தப் பலகையைக் காப்பாத்துறது காத்துதான். கையை வச்சுப் பாருங்க!"

கோட்டு போட்டவர்களும் பட்டுச்சேலைக்காரர்களும் போட்டி போட்டுக்கொண்டு குனிந்து வளைவில் கையை நீட்டினார்கள். "ஆமா, ஆமா, வருது!" என்று ஒரே கூச்சல். ஆதிரா கூட்டத்துக்கு மேலாக அஜினைச் சுட்டிக் காட்டி, "அவன்தான்" என்றாள். சிலர் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள்.

அவனும் சிரித்து வைத்தான். அவன் அளந்து கண்டுபிடித்த காற்றுகூட ஜினோவின் வாயிலிருந்து வந்தபோதுதான் நன்றாக வீசியது.