ஆம்ப்ரோஸின் வலது கால்

கணக்கு வாத்தியாராகவே காலம் தள்ளி ரிட்டையரான ஆம்ப்ரோஸுக்கு வலது தொடையில் ரத்தக் குழாய் அடைத்து, ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். மறுபடி அடைத்தால் காலையே எடுக்க நேரலாம் என்று டாக்டர் அப்போதே எச்சரித்திருந்தார். அதனால் அடையாறுக்கு டாப்ளர் ஸ்கேன் எடுக்கப் போன அன்று, 'அருள் நிறைந்த மரியே' என்று முணுமுணுத்துக்கொண்டேதான் படுத்தார்.

தொடையில் சில்லென்று ஜெல்லைத் தடவி, ஸ்கேன் டாக்டர் கருவியை முழங்கால் பக்கம் நகர்த்தினார். திரையில் சிவப்பும் நீலமும் ஓடின. உஸ் உஸ் என்று ரத்தம் ஓடும் சத்தம் கேட்டது. ஓரிடத்தில் அது கீச்சென்று மாறியது. என்ன அது என்று ஆம்ப்ரோஸ் கேட்டார். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று டாக்டர் திருப்பிக் கேட்டார். நம் ஊர் மரியாதை அப்படி. நோயாளியை வெளியே உட்காரவைத்துவிட்டுத்தான் நோயைப் பற்றிப் பேசுவார்கள்.

மகன் நோயல் உள்ளே போய் வந்தான். முகம் சரியில்லை, வாய் மட்டும் சிரித்தது.

"ரத்தம் நல்லா ஓடுதாம் டாடி. மாத்திரைய மட்டும் விடாம போடணுமாம்."

பெற்ற பிள்ளை சொல்வதை நம்பாமல் மனிதர் என்ன செய்வார்? அடுத்த மாதம் மகள் லிண்டாவுக்குக் கல்யாணம். மணப்பெண்ணின் கையைப் பிடித்து, கோயில் வாசலிலிருந்து பீடம் வரை கூட்டிப்போவது தகப்பன் வேலை. தி.நகரில் புது ஷூ வாங்கினார். கெண்டைக்கால் கடுத்தபோதெல்லாம் ஷூவைத் திட்டினார். கல்யாணத்தன்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். கம்பீரமாக நடந்தார் என்று பங்குக் கோயில் ஜனமே மெச்சியது.

விருந்துச் சாப்பாடு செரிப்பதற்குள் வலது கால் கட்டைவிரல் கறுத்துவிட்டது. மறுபடி அதே ஸ்கேன் அறை. இந்த முறை நோயலைத் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டார். கருவி நகர்ந்தது, சத்தமே வரவில்லை. டாக்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உடனே அட்மிட் பண்ணுங்கன்னு போன தடவையே படிச்சுப் படிச்சு சொன்னேனே. இனிமே முழங்காலுக்குக் கீழ காப்பாத்தறது கஷ்டம்."

ஆம்ப்ரோஸ் மகனைப் பார்த்தார். கல்யாணம் தள்ளிப் போய்விடக் கூடாதென்று தானும் மம்மியும் பேசி முடிவெடுத்ததாக, அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். அவருக்குக் காலைவிட நெஞ்சுதான் அதிகம் வலித்தது.

"என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, கல்யாணம் முடியட்டும்னு நானே சொல்லியிருப்பேன்டா," என்றார். "ஏன்டா கேக்கல? கால் என்னுதுதானே?"