ஹோர்ன் மூடியின் நாலாவது ஸ்க்ரூ

1

எங்கள் ஊரில் எவரும் சொல்லித்தராமலே எல்லோரும் கடைப்பிடிக்கும் விதி ஒன்று உண்டு: அடுத்தவர் வீட்டுப் பழைய பொருளைப் பார்த்து, "இது முந்தி ஆற்ற?" என்று, அதாவது முன்பு யாருடையது என்று, கேட்கக்கூடாது. தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து என் பெற்றோர் எங்கள் ஊரான பள்ளிமுனைக்குத் திரும்பியபோது, அவர்களுடைய தேக்கு அலுமாரி தோட்டவெளி என்ற பக்கத்து ஊரில் ஒரு வீட்டு முன்னறையில் நின்றது. அம்மா அதன் கதவை ஒருமுறை தடவினார். கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். வந்துவிட்டார்.

இந்த விதியைப் பற்றி எழுதும் நோக்கம் எனக்கு இருக்கவில்லை. துருப்பிடித்த ஸ்க்ரூ கழற்றுவது குறித்து இலகுவான ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். அது கை நழுவிப்போன விதமே இந்தக் கதை.

2

முதல் தொடக்கம்: "காலமான என் அப்பாவின் நீல ஸ்கூட்டர், பத்து வருடக் கடற்காற்றில்—"

(நிறுத்திவிட்டேன். இந்த வாக்கியத்தில் அப்பாவின் மரணத்தையும் கடற்காற்றையும் தவிர வேறெதையும் இப்போது என்னால் உறுதிப்படுத்த முடியாது.)

இரண்டாவது தொடக்கம்: "இறுகிய ஸ்க்ரூ, வாசிப்புக்கு இணங்க மறுக்கும் பிரதியைப் போல—"

(கருத்தரங்கில் தலையாட்டுவார்கள். பஸ்லான் நானா சிரிப்பார்.)

3

பஸ்லான் நானா கராஜ் வைத்திருப்பவர். போர்க்காலத்தில், தொண்ணூறாம் ஆண்டு, முஸ்லிம் குடும்பங்கள் பொருள் பண்டங்களை விட்டுவிட்டு எங்கள் தீவிலிருந்து வெளியேற்றப்பட்டபோது அவருக்கு ஒன்பது வயது. புத்தளத்தில் வளர்ந்து, தொழில் பழகி, திரும்பி வந்தவர். சனிக்கிழமை காலை அப்பாவின் ஸ்கூட்டரை மறுபடி ஓடவைப்பதற்காக, எங்கள் முற்றத்தில் அதன் ஹோர்ன் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். மூன்று ஸ்க்ரூ வந்தன. நாலாவது அசையவில்லை.

"அடிச்சுத் திருப்பினாத் தலை போயிரும், தங்கச்சி. உப்புத் திண்ட ஸ்க்ரூவைப் புது மாப்பிள்ளை மாதிரிக் கவனிக்கோணும்."

"உங்களைக் கவனிச்ச மாதிரியோ, தம்பி?" என்றார் அம்மா.

"என்னை அப்பிடிக் கவனிச்சிருந்தா நான் ஏன் அன்ரி கிறீஸோட நிக்கிறன்? மெழுகுதிரி இருக்கோ?"

அந்தோனியாருக்கு ஏற்றி மிஞ்சிய துண்டை அம்மா எடுத்துக் கொடுத்தார். பஸ்லான் நானா ஸ்க்ரூவைச் சுற்றிச் சுடர் பிடித்து, சூட்டில் மெழுகை வைத்தார். உருகியது புரிக்குள் இறங்கியது. மிச்சத் துண்டை அம்மாவிடமே நீட்டிவிட்டு, ஆறும்வரை குந்தியிருந்து கதை சொன்னார்.

"ஹோர்ன் மூடி எண்டாலே எனக்கு அடிதான் ஞாபகம். எங்கட வாப்பாட்ட பச்சை ஸ்கூட்டர் ஒண்டு இருந்தது. சத்தம் எங்கயிருந்து வருதெண்டு பாக்க, உம்மாவின்ர தையல் கத்தரிக்கோலால ஸ்க்ரூவைத் திருப்பினனான். நுனி முறிஞ்சு உள்ளயே இருந்திட்டுது. உம்மா இண்டைக்கும் அந்த மொட்டைக் கத்தரிக்கோலாலதான் துணி வெட்டுறா. வெட்டேக்க எல்லாம் எனக்கு ஏச்சு."

மூவரும் சிரித்தோம்.

4

ஸ்க்ரூ டிரைவர் பதிவதற்காக, தலையிலுள்ள வெட்டை அவர் ஊசியால் சுரண்டினார். அப்பா பூசிய நீலம் செதிலாக எழும்பியது. அதன் கீழே பச்சை. வெட்டுக்குள் அடைத்திருந்தது துருவல்ல. முக்கோணமான ஓர் உருக்கு நுனி.

என் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுபோனது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

(ஒரு குறிப்பு: மாணவர் எவரேனும் இப்படியொரு தற்செயலைக் கதையில் வைத்திருந்தால் சிவப்பு மையால் கோடிட்டிருப்பேன். ஆனால் இந்தச் சின்னத் தீவில் அந்தக் காலத்தில் இப்படியான ஸ்கூட்டர் எத்தனை ஓடியிருக்கும்? தற்செயல் என்பது நான் ஒளிந்துகொள்ளத் தேடிய சொல்.)

பஸ்லான் நானா நுனியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சட்டைப் பொக்கற்றில் போட்டார். ஸ்க்ரூவைத் திருப்பினார், மெழுகில் வழுக்கி வந்தது. மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தார்.

"சின்னச் சாமான்தான்," என்றார். பிறகு, "அடுத்தது எதைக் கழட்டிறது, தங்கச்சி?"

நுனியைக் கண்டதைவிட இந்தக் கேள்விதான் என்னை உலுக்கியது. அவருடைய கராஜுக்குப் போகிறவர்கள் நாங்கள். அவருடைய பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளோடு படிக்கிறார்கள். அவர் வாய் திறந்தால் இந்தத் தெருவின் ஒவ்வொரு வீட்டுக் கதிரை மேசையும் முந்தி யாருடையது என்று பேசவேண்டிவரும். நான் திறந்தால், கல்லறையில் இருக்கும் அப்பா எழுந்து பதில் சொல்லவேண்டும். "ஒருத்தரிட்ட வாங்கினது" என்பதற்குமேல் அவர் எதுவும் சொன்னதில்லை. யாரிடம் என்று நானும் கேட்டதில்லை.

5

முடிவு அ: ஸ்கூட்டர் பூட்டின் திறப்பை எடுத்து அவர் கையில் வைக்கிறேன். (என்னை நல்லவளாக்குவதைத் தவிர வேறெதுவும் செய்யாத முடிவு.)

முடிவு ஆ: அவர் வேலையை முடித்து, ஸ்கூட்டரைப் பளபளக்க ஒப்படைக்கிறார். நான் ஓட்டுகிறேன். சந்தியில் கண்டால் சிரிக்கிறோம். (பெரும்பாலும் நடப்பது இதுதான்.)

முடிவு இ: அப்பா உண்மையிலேயே இதை அவருடைய வாப்பாவிடம் நேர்மையாக— (இந்த வாக்கியத்தை முடிக்க என் கை எவ்வளவு விரும்பியது என்பதை வாசகர் கவனிக்கவேண்டும்.)

6

மூன்றிலும் அம்மா இல்லை. மெழுகுதிரி எடுத்துக் கொடுக்கும் துணைப்பாத்திரமாகவே அவரை எழுதியிருந்தேன். திறனாய்வு படித்தவள் செய்யக்கூடாத பிழை.

ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை. அடுத்து வரும் கேள்விக்குப் பஸ்லான் நானா என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் அவர் இடத்தில் குந்தியிருந்து பாருங்கள்.

அம்மாவின் கையில் திரித்துண்டு இன்னும் இருந்தது. வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் கத்தரின் அக்கா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்கும்படி, குரலைத் தாழ்த்தாமல் அம்மா சொன்னார்:

"தம்பி, ஸ்கூட்டரை விடுங்கோ. பொக்கற்றில போட்டதை வெளியில எடுங்கோ. என்ர மனுசன் கேக்கேல்ல, நான் கேக்கிறன். இது முந்தி ஆற்ற?"