எலும்பு சேரும் வரை

நான் கஞ்சியை மிக்சியில் அடித்துக்கொண்டிருந்ததால் நசீபாத்தா உள்ளே வந்தது கேட்கவில்லை. நிறுத்திவிட்டுத் திரும்பியபோது காரியம் நடந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ஆத்தா, என் அக்கா அம்பிளியின் இரண்டு கன்னங்களையும் உள்ளங்கைகளால் மேலிருந்து கீழாக வழித்து, விரல்களை மடக்கித் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள். படபடவென்று சத்தம் வந்தது.

"பார்த்தியா, எத்தனை முறியுது! ஊரு கண்ணு முழுக்க உன் மேலதான் மோளே. ஸ்கூட்டர்ல போற பிள்ளைய எந்தப் பாவி பார்த்து வச்சாளோ!"

அக்கா கட்டில் விளிம்பை இறுகப் பிடித்திருந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்ட ஆத்தா இன்னொரு முறை வழித்தாள்.

ஸ்கூட்டர் விபத்து என்பது அம்மா கட்டிய கதை. அக்கா எதிலிருந்தும் விழவில்லை. கன்னத்து எலும்பைக் குறைக்கும் ஆபரேஷன் செய்துகொண்டாள். வாய்க்குள் வழியாக எலும்பை வெட்டி, ஒரு சீவல் எடுத்துவிட்டு, மீதியை உள்ளே தள்ளி, சின்னத் தகடும் திருகாணிகளும் வைத்து நிறுத்தியிருக்கிறார்கள். இடப்பள்ளி துணிக்கடையில் நின்றே வேலை பார்த்த சம்பளத்தில், யாரையும் கேட்காமல் அவளே முடிவு செய்தது. எனக்கும் அதே கன்னம்தான், அப்பா வழி வந்தது. ஆஸ்பத்திரியில் அவள் முகம் பூசணி போல வீங்கிக் கிடந்தபோது, எனக்குப் பாவமாக இருந்ததைவிடக் கோபமாகத்தான் இருந்தது. என்னையும் சேர்த்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாளே என்று தோன்றியது. அந்தக் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் கஞ்சி அடித்துக் கொடுத்தேன்.

அம்மாவுக்குத் தெரியாத ஒன்று, அந்தக் கதை என்ன செய்யும் என்பது. விபத்து என்றதும் தெருவில் எல்லோருக்கும் இரக்கம் வந்தது. மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் இரக்கம் வெறும் வாயோடு வராது, கையோடு வரும். மருந்துக் கடைக்குப் போகிறவள், மீன் வாங்கிவிட்டு வருகிறவள், எல்லோரும் உள்ளே ஒரு எட்டு வந்து கன்னத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டுப் போனார்கள். அக்கா வாயை ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கக்கூடாது. அதனால் அவளால் கத்தவும் முடியவில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். வெட்டிய இடத்தில் இடது பக்கம் மட்டும் ஒரு கறுப்புக் கோடு அகலமாக இருந்தது. யாராவது அமுக்கினார்களா என்று கேட்டார். எலும்பு முதலில் பசை போல ஒன்றை நடுவில் வைத்துத்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளுமாம், இறுகுவதற்கு நாள் ஆகுமாம். மெல்லுகிற தசையே அந்த எலும்பைப் பிடித்து இழுப்பதால்தான் மெல்லவே கூடாது என்கிறார்களாம். இன்னொரு முறை நகர்ந்தால் திறந்து மறுபடி வைக்க வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா பல்லைத் திறக்காமல் அம்மாவிடம் சொன்னாள். "எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லும்மா."

"சொல்லிட்டு? நல்லா இருந்த மூஞ்சிய இவளே போய் உடைச்சுக்கிட்டான்னு சிரிப்பாங்க. வாயில வந்தபடி திட்டுவாங்க."

"திட்டட்டும். திட்டினா எலும்பு நகராது."

"ஆசையா வர்ற கைய எப்படிடீ தட்டிவிடறது? கொஞ்சம் பொறுத்துக்கோ." அம்மா அடுக்களைக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இடக்கொச்சியிலிருந்து அப்பாவின் அக்கா, ஓமனா அத்தை, அழுதுகொண்டே வந்தாள். கைப்பையில் வேகவைத்த கப்பைக்கிழங்கும் காரமான மீன்கறியும். மெல்லவே முடியாதவளுக்கு! அத்தை இறால் ஓடு உரிக்கும் கம்பெனியில் வேலை செய்பவள். அந்த விரல்கள் கட்டையானவை, வலுவானவை. பின்னாலேயே நசீபாத்தாவும் இன்னும் மூன்று பேரும் வாசலில் சேர்ந்துவிட்டார்கள்.

"என்டெ பொன்னு மோளே!" அத்தை பையைக் கீழே வைத்தாள். இரண்டு கைகளும் எழுந்தன.

அக்கா சுவரோடு ஒட்டினாள். அதற்குமேல் போக இடமில்லை. அம்மா என்னைப் பார்த்து, சும்மா இரு என்று கண்ணைக் காட்டினாள். அப்படிக் காட்டத் தேவையே இல்லை. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இந்தச் சந்தில் என் குரலைக் கேட்டவர்கள் குறைவு. இருந்தாலும் நான் நடுவில் போய் நின்றேன். அத்தையின் கைகள் என் தோளில் வந்து மோதின.

"தொடாதீங்க அத்தை. ஆக்சிடென்ட் இல்ல. ஆபரேஷன். கன்ன எலும்பு குறைக்கிற ஆபரேஷன். அவளே கேட்டுப் பண்ணிக்கிட்டா. எலும்பு இன்னும் சேரல. நீங்க அமுக்கினா மறுபடி வெட்டணும்."

என் தொண்டையிலிருந்து இவ்வளவு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. 

"அப்போ நான் இத்தனை நாளு முறிச்ச நெட்டியெல்லாம் வேஸ்டா?" என்றாள் நசீபாத்தா.

அத்தை என்னைத் தாண்டி அக்காவைப் பார்த்தாள். "யாருக்காகடீ? எவனாவது சொன்னானா?"

"எனக்காக," என்றாள் அக்கா. உதடு அசையவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"நம்ம கன்னத்துக்கு எந்தாடீ குறை? இந்தக் கன்னத்தைப் பார்த்துதான் உங்க மாமன் என் பின்னாலயே நடந்தான்!"

"உங்களுக்குக் குறை இல்ல அத்தை. எனக்கு வேண்டாம்."

அத்தையின் கைகள் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றன. பிறகு அவள் பையை எடுத்துக்கொண்டு, சாயா கூடக் குடிக்காமல் போய்விட்டாள். உள்ளே அம்மா ஒரு பாத்திரத்தை ஓங்கி வைத்தாள். "இனி இவளை யாரு கட்டுவா?" என்று சுவரிடம் கேட்டாள்.

சாயங்காலம் தண்ணீர் லாரி வந்தபோது சந்து முழுக்கச் செய்தி பரவியிருந்தது. நான் குடங்களை எடுத்தேன். அக்கா இத்தனை நாள் தலையைச் சுற்றிப் போட்டிருந்த ஷாலை அவிழ்த்துக் கட்டிலில் போட்டுவிட்டு, என்னை நாற்காலியைத் தூக்கி வாசலில் போடச் சொல்லி உட்கார்ந்தாள். மஞ்சளும் நீலமும் கலந்த வீக்கம் வெயிலில் நன்றாகத் தெரிந்தது. அதை அவள் எந்தப் பக்கமும் திருப்பவில்லை.

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு, "காசு குடுத்து மூஞ்சிய உடைச்சவ இருக்கிற இருப்பைப் பாரு," என்று லாரிக் குழாயில் குடம் பிடித்துக்கொண்டிருந்த பிந்துச் சேச்சி எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னாள். சிலர் சிரித்தார்கள். அக்கா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கிட்டே யாரும் வரவில்லை.

"உங்க குடம் வழியுது சேச்சி," என்றேன், அதே சத்தத்தில்.

பிந்துச் சேச்சியின் காலைச் சுற்றி நீர் பரவிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு கைகளாலும் குடத்தின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினாள்.