தரை பட்ட பந்து

கோடு போட்ட சட்டைக்காரர்களை, அதாவது நடுவர்களை, திட்டாமல் பஃபலோவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கழிந்ததில்லை. லியூவின் மதுக்கடையில் அந்த வேலை ஆட்டம் தொடங்கும் முன்பே தொடங்கிவிடும். அங்கே ரோண்டாவுக்கு மட்டும் தனி மரியாதை. வாரநாளெல்லாம் தபால் பட்டுவாடா செய்கிறவள், வெள்ளிக்கிழமை மாலைகளில் பள்ளிக்கூட அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவர். அதனால் கடையில் தகராறு முற்றினால் லியூ டிவியின் சத்தத்தை நிறுத்துவார், ரோண்டா தீர்ப்புச் சொல்வாள். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அன்று அவளுக்கு ஆட்டத்தில் மனம் ஒட்டவில்லை. தம்பி கிளென் வந்திருந்தான். போன வருஷம் அவன் மகன் கார்சன் ஆடிய ஆட்டத்துக்கு வரவேண்டிய நடுவர் பனியில் சிக்கிக்கொள்ள, இரண்டு பயிற்சியாளர்களும் சம்மதித்துத்தான் ரோண்டாவை இறக்கினார்கள். கார்சன் எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்தான் என்று அவள் தவறைக் குறிக்கும் மஞ்சள் கொடியை வீசினாள். வெற்றிப் புள்ளிகள் ரத்தாகி, பள்ளி தோற்றது. சொந்த அத்தையே பையன் வாயில் மண்ணைப் போட்டுவிட்டாள் என்று கிளென் ஊரெல்லாம் சொன்னான். நன்றித் திருநாள் வான்கோழி விருந்துக்குக்கூட அக்கா வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இப்போதும் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து, கோழி இறக்கைகளைத் தவிர எதையும் பார்க்காமல் தின்றுகொண்டிருந்தான். ஆனாலும் வந்திருக்கிறானே, அதுவே அவளுக்குப் பெரிதாக இருந்தது.

ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் ஊர் அணிக்காரன் ஒருவன் புள்ளி கிடைக்கும் கடைசி எல்லைக்குள் பாய்ந்து பந்தைப் பிடித்தபடியே விழுந்தான். பிடிக்கவில்லை என்று நடுவர் கையை விரித்தார். கடை கொதித்தது. நடுவருக்கு நாமே கண்ணாடி வாங்கித் தரலாம் என்றார் ஒருவர். எதிரணிக்காரன் முந்திக்கொண்டு வாங்கித் தந்துவிட்டான் என்றார் இன்னொருவர். கிளென் மேசையைத் தட்டி, தரையில் மோதி நழுவினால் கணக்கில்லை, தரை பந்தைப் பறிக்க முடியாது, சட்டமே அதுதான் என்றான். இந்த ஊரில் பாதிப் பேர் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டுகிறவர்கள். அது ஏற்கெனவே பந்தைக் கைப்பற்றி ஓடுகிறவனுக்கான சட்டம். பிடிக்கும்போதே விழுகிறவன், விழுந்து முடிக்கும்வரை பந்தை விடக்கூடாது.

லியூ சத்தத்தை நிறுத்தினார். திரையில் அதே காட்சி மெதுவாக ஓடியது.

"அக்கா, நீயே சொல்லு," என்றான் கிளென். "புடிச்சானா, இல்லையா?"

ஒரு வருஷம் கழித்து அவன் வாயிலிருந்து வந்த 'அக்கா'. பிடித்தான் என்று சொல்லிவிட்டால் என்ன, ஆட்டமா மாறப்போகிறது? கடையே அவளைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும். தம்பியும் திரும்பக் கிடைப்பான். அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. தொண்டைவரை வந்தும்விட்டது.

"புடிக்கலடா," என்றாள். "கீழ விழுறப்ப பந்து தரையில பட்டு கைய விட்டு நழுவுது. நல்லாப் பாரு."

நீ எந்த ஊர்க்காரி என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். கிளென் எழுந்து கோட்டை மாட்டினான். கண் கலங்கியதை அவன் பார்த்துவிடக் கூடாதென்று ரோண்டா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் வாசலுக்குப் போகவில்லை. அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சு வண்டியில வரும்போதே கார்சன் சொல்லிட்டான்," என்றான் மெதுவாக. "சட்டையப் புடிச்சு இழுத்தது நெசந்தானாம். அத்தை மேல தப்பில்லன்னான்."

ரோண்டாவுக்கு வந்த கோபத்தில் இறக்கைத் தட்டை எடுத்து அவன் தலையில் கவிழ்த்திருப்பாள்.

"தெரிஞ்சுமாடா ஒரு வருஷமா எம்மூஞ்சில முழிக்கல?"

"தோத்துட்டு வந்து அழுவுற புள்ளயவா திட்டச் சொல்ற?" என்றான் கிளென். "யாரையாவது திட்டணும்போல இருந்துச்சு. நீதான் கெடச்ச."

ரோண்டா பக்கத்து நாற்காலியில் கிடந்த தன் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவனுக்கு இடம் விட்டாள்.