மூக்கோரத்து வெள்ளைக் கோடு

மூதூரில் இருந்து திருகோணமலைக்குப் போகும் லோஞ்சுப் படகில் அன்று வெயிலுக்கு ஒதுங்க இடமே இல்லை. இருந்த ஒரே குடையையும் நுஸ்ரத் ரிஸ்னாவின் தலைக்கு மேலேயே பிடித்துக்கொண்டு வந்தாள்.

"சாச்சி, நீங்களும் உள்ளுக்கு வாங்க."

"நீ பேசாம இரு."

பிடிவாதத்தில் அவளை வெல்ல மூதூரில் ஆளில்லை. விறைத்த விரல்களில் இருந்து குடைக்கம்பு நழுவியது. மழைக்காலத்தில் வந்த சிக்குன்குனியாவின் மிச்சம் என்று அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

அவளுடைய பயமெல்லாம் ரிஸ்னாவின் முகம்தான். நிக்காஹுக்கு நாள் குறித்த பிறகு அந்தக் கன்னங்களில் சிவப்பு ஏறியிருந்தது. நுஸ்ரத்தின் அக்காவும் ரிஸ்னாவின் உம்மாவுமான ஷிஃபானாவுக்கும் அப்படித்தான் தொடங்கியது. வெயில் ஒவ்வாமை என்றார்கள், வாதம் என்றார்கள். லூபஸ் என்று கண்டுபிடிப்பதற்குள் அவளுடைய சிறுநீரகங்கள் போய்விட்டன.

ராத்தா ஷிஃபானாவின் மையித்தைக் குளிப்பாட்டியவர்களில் நுஸ்ரத்தும் ஒருத்தி. இலந்தையிலைத் தண்ணீரை எவ்வளவு வார்த்தும் கன்னத்துச் சிவப்பு மட்டும் போகவில்லை. மூக்கோரத்தில் இருந்து வாய்வரை இறங்கும் மடிப்புகள் இரண்டும் வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்தன. ராத்தா சிரிக்கப்போகிறாள் என்று பயந்து நுஸ்ரத் கையை எடுத்துவிட்டாள். அந்தச் சிவப்பு அன்றைக்கே தன் கையில் ஒட்டிக்கொண்டது என்று நம்பினாள். ரிஸ்னாவை வளர்த்தாள், சோறு தீத்தினாள், தலை வாரிவிட்டாள். ஆனால் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டதுமில்லை, கொஞ்சியதுமில்லை.

திருகோணமலையில் தோல் வைத்தியர் எல்சி ரிஸ்னாவைக் கதிரையில் இருத்திக் கேள்வி கேட்கத் தொடங்கினார்.

"காலமையில விரல் மடக்க ஏலாம இருக்குதா, பிள்ளை?"

"இல்ல டொக்டர்."

பின்னால் நின்ற நுஸ்ரத் தன் விரல்களை அபாயாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வாய்க்குள்ள புண்?"

"இல்ல."

நுஸ்ரத்தின் நாக்கு மேலண்ணத்தில் கிடந்த நோகாத புண்ணைத் தேடிப் போனது.

"தலைமயிர் கொட்டுதா?"

"இல்ல."

அன்று காலை சீப்போடு வந்த முடி நுஸ்ரத்தின் நினைவுக்கு வந்தது. வெயிலில் காய்ந்து வந்தவளுக்குக் குளிரெடுத்தது. டொக்டர் பிள்ளையிடம் கேட்க, யாரோ தன்னிடம் பதில் வாங்குவது போல இருந்தது.

"முகத்துக்கு என்ன பூசுறனீங்க?"

ரிஸ்னா வெட்கத்தோடு கைப்பையில் இருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். கட்டாரில் இருக்கும் மாப்பிள்ளை ஆசையாக அனுப்பிய வெள்ளையாக்கும் கிறீம். எல்சி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஒரு கைக்கண்ணாடியை எடுத்து ரிஸ்னாவுக்கு முன்னால் பிடித்தார்.

"இஞ்ச பாருங்கோ. மூக்கோர மடிப்புக்குள்ளயும் சிவப்பு இறங்கியிருக்கு. லூபஸ் அநேகமா அந்த மடிப்பை விட்டிட்டுத்தான் படரும். இது கிறீம் செய்த வேலை போலத்தான் கிடக்கு. எண்டாலும் முகத்தை மட்டும் நம்ப ஏலாது. இரத்தமும் சலமும் சோதிச்சுப் பார்ப்பம்."

நுஸ்ரத் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிக்கொண்டே கண்ணாடியை எட்டிப் பார்த்தாள்.

ரிஸ்னாவின் தோளுக்குப் பின்னால் ஷிஃபானா நின்றாள். அதே சிவப்பு. மூக்கோரத்தில் அதே இரண்டு வெள்ளைக் கோடுகள்.

"ராத்தா" என்றாள் நுஸ்ரத். கண்ணாடியில் ஷிஃபானாவின் வாயும் அசைந்தது.

எல்சி நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியை மெல்லக் கவிழ்த்து வைத்தார்.

"நீங்கள் வெயிலுக்க வந்தனீங்களா?"

நுஸ்ரத் உடைந்து அழுதாள். "ராத்தாவக் குளிப்பாட்டக்குள்ள கையில ஒட்டினது டொக்டர். இவ்வளவு காலமும் மறைச்சு வெச்சிருந்தன்."

"இது தொத்துற வருத்தமில்லை, அம்மா. சில குடும்பங்களுக்க ஒருத்தருக்கு மேல வரும், ஆனா தொட்டு வராது. உங்கட ராத்தாவுக்குப் பிந்திப்போச்சு. உங்களுக்குப் பிந்த விடாம பார்ப்பம்."

சோதனை முடிவுகள் வந்த அன்று ரிஸ்னாவின் கன்னம் தெளிந்திருந்தது. அவளுக்கு ஒன்றுமில்லை. நுஸ்ரத்துக்கு லூபஸ். சிறுநீரகம் இன்னும் கெடவில்லை, மருந்தை மட்டும் விடக்கூடாது என்றார் எல்சி.

திரும்பி வரும் லோஞ்சில் ரிஸ்னா குடையைப் பறித்துச் சாச்சிக்கு மேல் பிடித்தாள். பிறகு நெருங்கி இருந்து, தன் கன்னத்தை அந்தச் சிவந்த கன்னத்தோடு வைத்தாள். நுஸ்ரத் பதறி விலகினாள்.

"தொத்தாதெண்டு டொக்டர் சொன்னாங்க தானே, சாச்சி."

நுஸ்ரத் மறுபடி விலகவில்லை. பிள்ளையின் கன்னம் இவ்வளவு சூடாக இருக்கும் என்று அவளுக்கு அன்றுவரை தெரியாது.