வளையத்தின் நடுவில் ஒரு எண்

படபடவென்று கதவு இடிபட்டது. வீட்ஸ்கா நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதற்குள் சக ஆய்வாளன் யோஸ்ட் உள்ளே வந்துவிட்டான். தலையில் மழைத்தண்ணீர், கையில் கைப்பேசி.

"வீட்ஸ்கா, ஆயிரத்தைத் தாண்டிடுச்சு! கேக் எங்கே?"

சந்தோஷம் யாருக்கோ அவர்தான் மற்றவர்களுக்குக் கேக் வாங்க வேண்டும். ஃப்ரீஸ்லாந்தின் அந்த மூளை ஆய்வகத்தில் அது எழுதாத சட்டம். பத்தரை மணி காபிக்காக வீட்ஸ்கா பதினான்கு ரோஸ் நிறக் கேக்குகளைச் சைக்கிளில் நசுங்காமல் கொண்டுவந்திருந்தாள். அதன் பிறகுதான் ஒரு மின்னஞ்சலைத் திறந்தாள்.

"ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கே? டிவிக்காரங்க கூப்பிட்டாங்களா?"

"மெத்தை விக்கிறவன் கூப்பிட்டான். பெண் மூளைக்குன்னு தனித் தலையணை போடப் போறானாம்."

யோஸ்ட் சிரித்துக்கொண்டே ஓடினான். அவளால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

கட்டுரை வெளியாகி ஒன்பது நாள். ஆறு மையங்களில் எடுத்த நாலாயிரம் ஸ்கேன்கள். மூளையில் நினைவைக் காக்கும் பகுதி பெண்களுக்குச் சற்றுப் பெரிது என்பது முடிவு. 'அதான் பழைய சண்டையை எல்லாம் மறக்க மாட்டேங்கறாங்க' என்றது இணையத்தில் ஒரு கூட்டம். 'இனிமே நீதிபதியா பெண்களையே போடுங்க' என்றது இன்னொன்று. இந்தப் பேச்சையெல்லாம் கணக்கிடும் வண்ண வளையம் தாழ்வாரத்துத் திரையில் மின்னியது. அதன் நடுவில் இருந்த எண் ஆயிரத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது.

வியாழக்கிழமை அவள் வேலையை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று குழு கூடுகிறது. அந்த எண்ணைப் பெரிதாக அச்சடித்துக் குழுவின் முன் வைக்கப்போவதாகப் பேராசிரியர் ஹில்கே சொல்லியிருந்தார்.

மின்னஞ்சல் எழுதியவள் எஸ்தோனியாவில் படிக்கும் லீஸ் என்ற மாணவி. பேசிய ஆயிரக்கணக்கானவர்களில் தரவுக் கோப்பை இறக்கிப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். 'மற்ற மையங்கள் ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2 என்று குறித்திருக்கின்றன. ஐந்தாவது மையம் மட்டும் தலைகீழ். ஒன்றாகச் சேர்க்கும்போது மாற்ற மறந்துவிட்டீர்களா?'

வீட்ஸ்கா மறந்துதான் போயிருந்தாள். கோப்புகளைச் சேர்த்தது அவளேதான். ஐந்தாவது மையத்தின் குறிப்பேட்டில் முதல் பக்கத்திலேயே அது எழுதியிருந்தது. மொத்த ஸ்கேன்களில் பாதி அந்த ஒரு மையத்தினுடையவை. சரிசெய்து மீண்டும் கணக்கிட்டாள். நம்பாமல் இன்னொரு முறை. ஜன்னலைத் திறந்தாள், சாரல் அடித்தது, மூடினாள். மூன்றாவது முறையும் அதே விடைதான். ஆண் கோடும் பெண் கோடும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கிடந்தன. வித்தியாசமே இல்லை.

நாலு நாள் வாய் திறக்காமல் இருந்தால் போதும், நிரந்தர வேலை. லீஸிடம் 'பார்க்கிறேன்' என்று ஒரு வார்த்தை போட்டால் ஒரு மாதம் ஓடிவிடும். கைப்பேசி மேஜைமேல் அதிர்ந்து அதிர்ந்து ஓரம் வரை நகர்ந்தது. விழப்போன அதைப் பிடித்து அணைத்தாள். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகை ஆசிரியருக்கு நாலு வரி எழுதினாள். மனசு மாறுவதற்குள் அனுப்பிவிட்டாள்.

பிறகு கேக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காபி அறைக்குப் போனாள்.

"வாம்மா நட்சத்திரம்!" என்றார் ஹில்கே. "இப்போ ஆயிரத்து எண்பது. பெட்டியைத் திற."

"சாப்பிடுங்க. ஆனா கொண்டாட ஒண்ணுமில்லை, ஹில்கே. கட்டுரையைத் திரும்ப வாங்கறேன்னு இப்பத்தான் எழுதிட்டு வந்தேன். அதுல ஒரு தப்பு இருக்கு."

யோஸ்ட் கேக்கை வாயருகே நிறுத்தினான். "என்ன தப்பு?"

லீஸைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள். அவள் விளக்கத் தொடங்குவதற்குள் ஹில்கே காபிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"வியாழக்கிழமை வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா, வீட்ஸ்கா? அந்த அஞ்சாவது மையத்தை அப்புறமா நானே சத்தமில்லாம சரிபண்ணியிருப்பேனே."